சொளகும் காந்தமும்

“அக்கா, இதத்தான எங்கம்மா தினமும் செய்யுது?”

போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கலவைகளைப் பிரிக்கும் பாடத்தைச் செய்துகாட்டப் போயிருந்தேன். தோழிகள் நான்கைந்து பேர் சேர்ந்து, சம்பளம் எதுவும் இல்லாமல், பிடித்துப்போய்ச் செய்கிற வேலை. என் பையில் மணல், இரும்புத்தூள், உப்பு, வடிதாள், ஐந்து காந்தங்கள். வகுப்பில் ஐந்து குழு, குழுவுக்கு ஒரு காந்தம். இரும்புத்தூள் காந்தத்தின் முனையில் முள் முள்ளாக நிமிர்ந்து நின்றபோது வகுப்பே கூச்சல் போட்டது. அந்தக் கூச்சலுக்காகத்தான் நான் போகிறேன் என்றும் சொல்லலாம்.

கேட்டவள் தன் குழுவில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண். அவள் அம்மா போடியில் ஏலக்காய் குடோனில் தரம் பிரிக்கிறவர். “ஆமாம்மா, அதே மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு நான் காந்தத்துக்குத் திரும்பிவிட்டேன். அடுத்து உப்பைக் கரைத்து வடிகட்ட வேண்டும், மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் உறைத்தது. நானும் குடோனில் ஏலக்காய் பிரித்தவளின் மகள். என்னுடைய ஆறாம் வகுப்பில் இதே பாடத்துக்கு ஆசிரியர் எடுத்துக்காட்டு கேட்டபோது, “சொளகுல கொழிக்கிறது சார்” என்று எழுந்து சொன்னேன். “அது வீட்டு வேலை. நான் அறிவியல் கேட்டேன்” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். முப்பது வருடம் கழித்து அதையே நான் சிரிக்காமல், மரியாதையாகச் செய்திருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

‘செய்து கற்றல்’ என்று நாம் கொண்டாடுகிற கல்விமுறையைப் பற்றி எனக்குள்ள விமர்சனம் அந்தச் சாயங்காலத்தில் தொடங்கியது. வெளியே நின்று கல்லெறிகிற விமர்சனம் இல்லை. இந்த முறைக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் எங்கள் தெருவுக்குப் பழசாகத்தான் வந்து சேரும். அப்படிப் பழசாகிப் படித்தவள் நான். அரவிந்த் குப்தாவின் தீக்குச்சிப் பொம்மைகளை முதன்முதலில் செய்து பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. சைக்கிள் வால்வு டியூபைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, அதில் தீக்குச்சிகளைச் செருகிச் சதுரம் செய்ய வேண்டும். விரலால் தள்ளினால் சதுரம் சரிகிறது. முக்கோணம் சரியவில்லை. பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் அத்தனை முக்கோணம் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. இதைக் கண்டுபிடித்தவர் கான்பூர் ஐஐடியில் படித்து, டெல்கோவில் வேலை பார்த்து, 1978இல் ஒரு வருட விடுப்பில் மத்தியப் பிரதேசத்துக்குப் போன பொறியாளர். அங்கே 1972இல் பதினாறு கிராமப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து சோதனை செய்வார்கள், முடிவை அவர்களே எழுதுவார்கள். முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு மூடியது. இங்கே தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் ‘வானவில் மன்றம்’ தொடங்கி, 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் சோதனைப் பொருட்கள் போகின்றன. போகட்டும், இன்னும் நிறையப் போகட்டும். என் கேள்வி வேறு. இதில் ‘கை’ என்று சொல்லப்படுவது யாருடைய கை?

அந்தத் தீக்குச்சியையே எடுத்துக்கொள்வோம். எந்தச் செய்முறையும் ‘ஒரு தீப்பெட்டி எடுத்துக்கொள்’ என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. தீக்குச்சிப் பொம்மைகள் பிரபலமான எண்பதுகளில் அந்தத் தீப்பெட்டி எங்கிருந்து வந்தது? சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி. அங்கே மருந்தில் முக்குவதற்கு முன்னால் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகும் வேலைக்குக் கட்டை அடுக்குதல் என்று பெயர். அடுக்கியவர்கள் பெரும்பாலும் பெண்குழந்தைகள். விடியும் முன்னே கம்பெனி வண்டி கிராமத்துக்கு வந்து அவர்களை ஏற்றிப்போகும். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தில் அந்த விரல்களின் வேகத்தைப் பார்க்கலாம். ஒரு பிள்ளை கட்டையில் செருகிய குச்சியை இன்னொரு பிள்ளை வால்வு டியூபில் செருகி முக்கோணம் கற்றது. செருகுகிற அசைவு ஒன்றுதான். ஒன்றை நாம் விளையாட்டு என்றோம், இன்னொன்றைக் குழந்தைத் தொழில் என்றோம். இரண்டும் ஒரே பக்கத்தில் பேசப்பட்டு நான் படித்ததில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. குடும்பத்தோடு வீட்டில் செய்தால் அது கணக்கில் வராது என்றும் அதே சட்டம் சொன்னது. வீட்டுக்குள் நடப்பது வேலையில்லை என்ற எண்ணம் எங்கள் ஆசிரியருக்கு மட்டும் இருந்ததில்லை.

அரவிந்த் குப்தாவைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. குப்பையிலிருந்து பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்து, அத்தனையையும் இலவசமாகப் போட்டு வைத்த மனிதர் அவர். ஆனால் ஒரு பொருள் பிள்ளையின் கைக்கு வந்து சேர்வதற்கு முன் யார் கையில் இருந்தது என்பதும் விசாரணையின் பகுதிதானே?

இன்னொரு கதை எங்கள் மலைக்கு அடுத்த மலையில் நடந்தது. 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்த மரியா மாண்டிசோரி, போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கினார். 1942 முதல் 1944 வரை அவர் இருந்தது கொடைக்கானலில். அங்கே பிள்ளைகளோடு செடி, பூச்சி, கல் என்று பார்த்துப் பார்த்துத்தான் பிரபஞ்சக் கல்வி என்ற அவருடைய பிற்காலச் சிந்தனை உருவானது. கையில்தான் அறிவு தொடங்குகிறது என்பதை உலகத்துக்கு அடித்துச் சொன்னவர் ஒரு பெண், ஒரு மருத்துவர். (கல்யாணம் செய்யாமல் பெற்ற மகனை வேறொரு குடும்பத்தில் வளரவிட்டுத்தான் அவரால் வேலையைத் தொடர முடிந்தது. மேதைகளின் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த வரி ஆண்களுக்கு வருவதில்லை.) 1907இல் ரோம் நகரில் அவர் திறந்த முதல் பள்ளி, அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விடுகிற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. நம் காலை ஜீப் போன பிறகு இருக்கிற பிள்ளைகளைப் போல.

இன்று மாண்டிசோரி என்ற பெயர் எந்தத் தெருவில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நகரத்தில் என் தோழி ஒருத்தியின் மகன் படிக்கும் பள்ளியைப் பார்க்கப் போனேன். மூன்று வயதுப் பிள்ளைகள் தரையில் பாய் விரித்து, தட்டில் கலந்து கிடந்த பயறையும் மொச்சையையும் பட்டாணியையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அறை அமைதியாக இருந்தது. கண்ணும் கையும் ஒத்துப்போகும் பயிற்சி, கவனம் கூடும் என்று ஆசிரியை மெதுவான குரலில் விளக்கினார். தோழி அதற்குக் கட்டுகிற பணத்தைச் சொன்னாள். நான் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் குடோனைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையில் பறித்த பச்சைக்காய் ஸ்டோரில் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கச் சூட்டில் உலர்ந்து வரும். ஐந்து கிலோ பச்சை ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுண்டும். போடிக்கு வந்த சரக்கை முதலில் சல்லடையில் இடுவார்கள். எட்டு மில்லிமீட்டர் ஓட்டையில் விழாமல் மேலே நிற்கிற காய் முதல் தரம். அது அளவைக் கொண்டு பிரிப்பது. ஆனால் எட்டு எம்எம் காயிலும் உள்ளே விதை நிரம்பாத பொக்கு இருக்கும். சல்லடைக்கு அது தெரியாது. சொளகில் புடைத்தால் பொக்கு முன்னால் போகும், நிறைகாய் மடிப்பக்கம் நிற்கும். அது எடையைக் கொண்டும் காற்றைக் கொண்டும் பிரிப்பது. பிறகு கண். பச்சை மாறாதது, வெளுத்தது, வெடித்தது, பூச்சி அரித்துச் சொறி விழுந்தது. கடைசியில் விரல் நுனி. சந்தேகமான காயை ஒரு அழுத்து அழுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள் அம்மா, உடைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.

இரண்டு பொருட்களைப் பிரிக்க வேண்டுமென்றால் அவற்றுக்குள் ஏதாவது ஒரு பண்பு வேறுபட்டிருக்க வேண்டும், அந்தப் பண்பைக் கண்டுபிடித்தால் பிரிக்கும் வழி கிடைக்கும். ஆறாம் வகுப்புப் பாடத்தின் உயிர் இந்த ஒரு வரி. காந்தமும் இரும்புத்தூளும் இதற்கு ஒரே ஒரு பண்பைத்தான் காட்டும். ஏலக்காய் குடோன் நான்கைக் காட்டும். அதுவும் ஒரே பொருளுக்குள். நம் மொழியும் இதைத் தெரிந்து வைத்திருக்கிறது. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நேம்புதல் என்று சொளகின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வினைச்சொல். பாடத்தில் ‘தூற்றுதல்’ என்று ஒன்று இருக்கிறது. அது களத்தில் ஆணும் செய்கிற வேலை என்பதால் உள்ளே வந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதை எழுதி முடித்ததும் எனக்கே ஒரு குரல் கேட்டது. ‘அப்படியானால் பிள்ளைகளை அம்மா வேலைக்கே அனுப்பிக் கற்கவைக்கலாம் என்கிறாயா?’ தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைத் தாண்டி யாரும் போக முடியாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அரை நாள் பள்ளி, அரை நாள் பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், சொளகோடுதான் இருந்திருப்பேன். அந்த விவாதத்தில் அப்பன் தொழில் பற்றித்தான் பேச்சு. பெண்பிள்ளைகளுக்கு அந்த அரை நாள் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அடுப்படி தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவிடமே போய்க் கேட்டேன். ஒரு நாள் வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுகிறாயா என்று. கண் மங்கி, இடுப்பு விட்டுப்போய் இப்போது வீட்டில் இருக்கிறாள். ஏலக்காய் வாசம் பிடிக்காது, பாயசத்தில் போட்டால் தொட மாட்டாள்.

“ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா? பள்ளிக்கூடத்துல வந்து நான் சொளகு போடவா? நீ இதுக்குப் போயிரக் கூடாதுன்னுதான ஒன்னப் படிக்க வச்சேன். அதுக காந்தத்தவே பிடிக்கட்டும்.”

இதைவிடக் கூர்மையான விமர்சனம் என் யோசனைக்கு வராது. வேலை செய்கிற பெண்ணின் அறிவை நாம் வகுப்பறையில் வைத்துப் பாராட்டும்போது, அந்த வேலையின் வலியைத் துடைத்துவிட்டுத்தான் பாராட்டுகிறோம். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. அந்த வாரம் அம்மாவுக்கு வந்தது வழக்கமான கூலிதான். பிரிக்கத் தெரிந்தவளுக்கு விலை சொல்லத் தெரியாமல் இல்லை, சொல்லும் இடத்தில் அவளுக்கு இடமில்லை. சொளகைப் பாடமாக்கிவிட்டு இதை விட்டுவிட்டால் அது வெறும் அலங்காரம்.

ஆனாலும் அம்மா சொன்னதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டேன். ‘அதுக காந்தத்தப் பிடிக்கட்டும்’ என்றாளே, யார் பிடிக்கிறார்கள்? அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் நான் பொருட்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தேன். காந்தம், பேட்டரி, லென்சு எல்லாம் நேராகப் பையன்களிடம் போகிறது. யாரும் பிடுங்குவதில்லை, அப்படியே போகிறது. பெண்பிள்ளைகளிடம் நோட்டு வருகிறது, “ஒனக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்கு” என்ற பாராட்டோடு. சோதனை முடிந்ததும் தரையைத் துடைக்கிற துணியும் வருகிறது. குழுவாகச் செய்தல் என்று கல்வியாளர்கள் எழுதும்போது குழு என்பது வீட்டைப் போலவே பிரிந்து உட்காரும் என்பதை எழுதுவதில்லை.

அதனால் ஒரு நாள் மாற்றிப் பார்த்தேன். பையன்களிடம் சொளகு, பெண்களிடம் காந்தமும் மின்சுற்றும். அரிசியும் உமியும் கலந்து கொடுத்தேன். முதல் பையன் புடைத்த புடையில் அரிசி சுவரில் அடித்தது. இரண்டாமவன் உமியைத் தன் முகத்திலேயே போட்டுக்கொண்டான். வகுப்பு சிரித்து ஓய்ந்தபோது, “டேய், மணிக்கட்டத் திருப்பாத, முன்னாடி கொஞ்சம் சாய்” என்று ஒரு பெண் எழுந்துபோய்ச் சொல்லிக்கொடுத்தாள். ஏன் சாய்க்க வேண்டும் என்று அவன் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் சட்டென்று தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அவர்கள் அதைத்தான் பேசினார்கள். சாய்மானம், காற்று, எடை. நான் அதுவரை நடத்தியதிலேயே நல்ல அறிவியல் வகுப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

வீடு பிரித்து வைத்திருப்பது நேரத்தையும்தான். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வி சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் நடந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு அதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போடியிலிருந்து அதிகாலை ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் திரும்பி வருவதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். ஜீப் வருவதற்குள் தண்ணீர் பிடித்து, உலை வைத்திருக்க வேண்டியது மூத்த மகள். விளையாட்டு வழிக் கற்றலுக்கு முதல் தேவை விளையாட ஒரு மணி நேரம். அதை எந்தப் பெட்டியிலும் போட்டு அனுப்ப முடியாது.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெருமை இல்லாத கதை. பூக்கள் பற்றிய வகுப்பு. ஏலக்காய்ப் பூ ஒரே ஒரு நாள்தான் இருக்கும், காலையில் விரியும், அதற்குள் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சூலகமுடி மகரந்தப்பைக்கு மேலே நிற்பதால் பூச்சி தொடாமல் மகரந்தம் தானாகப் போய்ச் சேராது என்று படமும் போட்டேன். “மருந்து அடிச்ச அன்னிக்குத் தேனீ வருமாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்தில் நின்றிருந்த ஆசிரியர் என்னைப் பார்த்தார். ஊரில் பாதிப் பேர் தோட்டத்தை நம்பி இருக்கிறார்கள், தோட்டக்காரர் பிள்ளைகளும் அதே வகுப்பில். “அது பெரிய பாடம், அப்புறம் பார்க்கலாம்” என்றேன். காந்தமும் இரும்புத்தூளும் ஏன் எல்லா ஊர்ப் பள்ளிக்கும் பொருந்துகிறது என்று அப்போது விளங்கியது. அது யாரையும் தொடாது.

கேட்டவள் விடவில்லை. குரங்கணிக்கு மேலே அவள் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் காப்பியும் ஏலமும் உள்ள சின்னத் தோட்டம். இந்த வருடம் பூக்காலத்தில் பெரியப்பாவைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து, பிள்ளைகள் ஆறு பேரும் நானும் ஒரு சனிக்கிழமை போனோம். பத்துச் சரங்களுக்குப் பழைய கொசுவலையை வெட்டிக் கட்டினோம். பக்கத்திலேயே பத்துச் சரம் திறந்தபடி. வலைக்குள் தேனீ போக முடியாது. இரண்டிலும் எத்தனை பூ காயாகிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான் சோதனை. வலை கட்டியது பெண்பிள்ளைகள், நோட்டு ஒரு பையனிடம். அவனுக்குக் கையெழுத்து மோசம். திருத்தித் திருத்தி எழுதுகிறான்.

மூன்று வாரம் எண்ணியாகிவிட்டது. வலைக்குள் பூ பெரும்பாலும் காயாகாமல் உதிர்கிறது, வெளியே பிஞ்சு நிற்கிறது. போன சனிக்கிழமை பெரியப்பா வந்து, அடுத்த வியாழன் மருந்து அடிக்கப்போவதாகச் சொன்னார். அன்று யாரும் தோட்டத்துப் பக்கம் வரக் கூடாது, வெள்ளி கழித்துத்தான் எண்ண வேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “அன்னிக்கும் எங்கம்மா இங்கதான களையெடுக்க வரும்” என்றாள் ஒருத்தி. பெரியப்பா செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நோட்டில் இப்போது ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. தேதி, வலைக்குள் காய், வெளியே காய், மருந்து அடித்த நாள். ஐந்தாவது கட்டத்தை அவள் தானாகவே கோடு போட்டுச் சேர்த்திருக்கிறாள்: அன்று தோட்டத்தில் வேலை செய்தவர்கள். பெரியப்பாவிடம் நோட்டைக் காட்டலாமா என்று கேட்கிறார்கள். வியாழனுக்கு முன்னாலேயே காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.